ஆங்கிலம் கற்றுத்தரும் இணையதளமா? பணம் கட்டும் முன் சோதியுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக ஆங்கிலம் படிப்பவர்கள், இலவசப் பாடத்திலேயே தளத்தைச் சோதித்துவிடலாம்.

பாடங்களை ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (உச்ச நிலை) வரை பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு வேண்டுமென்றே ‘ஷீ கோ’ என்று தப்பாக எழுதுங்கள். சிவப்புக் குறி மட்டும் வந்தால் போதாது. ‘கோஸ்’ ஏன் வரவேண்டும் என்ற விளக்கமும் வரவேண்டும். பேச்சுப் பயிற்சியில் ‘ஃபேன்’ என்பதை ‘பேன்’ என்று சொல்லுங்கள். அதையும் சரி என்றால் அந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள், நம் நாக்குக்குத் திருத்தம் தேவைப்படுவதே அங்கேதான்.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்தில், நோயாளி பற்றிய குறிப்புகளை வைத்துக் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை ஆசிரியர் வரிவரியாகத் திருத்தித் தராத தளத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இலவச நாட்கள் முடிவதற்குள் தானாகப் பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபேயை ரத்து செய்துவிடுங்கள்.