எழுத்தாளர் வகுப்பறைக்கு வரும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பள்ளிக்குச் சிறார் எழுத்தாளர் ஒருவரை அழைப்பது என்று முடிவானதும், தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் முதலில் ஏற்பாடாவது பொன்னாடையும் ஒலிபெருக்கியும்தான். வரவேற்புரையும் தலைமையுரையும் முடிந்து விருந்தினர் பேச எழுவதற்குள், முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் நெளியத் தொடங்கிவிடுகிறார்கள். விழா நடத்துவதில் தவறில்லை. அந்த விழாவை, எழுத்தாளருடன் குழந்தைகள் கையால் செய்து கற்கும் வகுப்போடு கலப்பதுதான் தவறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வகுத்திருக்கிறது. எழுத்தாளரின் அமர்வுக்கும் அந்த எண்ணிக்கையை மேல்வரம்பாகக் கொள்ளலாம். அந்த நேரத்தில் வகுப்பாசிரியர் பதிவேடு எழுதப் போய்விடாமல் உடன் இருப்பது அவசியம். எந்தக் குழந்தைக்கு எழுத்துக் கூட்ட வரும், எந்தக் குழந்தைக்கு வராது என்பது அவருக்குத்தானே தெரியும்.

எழுத்தாளரின் கதை ஒன்றைக்கூடக் குழந்தைகள் முன்னதாகக் கேட்டிராமல் இருப்பது அடுத்த தவறு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளாகப் பிரித்துத் தந்திருப்பதைப் போல, வரப்போகிறவரின் நூல்களிலும் அந்த வகுப்புக்கு ஏற்றதைத் தேர்ந்து, ஒரு வாரத்துக்கு முன்பே வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். கதையே தெரியாத குழந்தை என்ன கேள்வி கேட்கும்? எழுதிக் கொடுத்த கேள்வியை ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

செய்முறைக்கு மிகப் பொருத்தமானது, ஒற்றைத் தாளில் புத்தகம் செய்வது. அச்சகத்தில் பெரிய தாளின் இரு பக்கமும் அச்சிட்டு மூன்று முறை மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். அதைப் பாரம் என்பார்கள். சிறார் நூல்கள் பலவும் 16, 24, 32 என்ற கணக்கில் வருவதற்கு இந்த மடிப்பே காரணம். வகுப்பறையில் ஏ4 தாள் ஒன்றை எட்டுக் கட்டங்களாக மடித்து, நடுவில் வெட்டி, அட்டைகளும் சேர்ந்து எட்டுப் பக்கமுள்ள குட்டிப் புத்தகமாக்கலாம். கோளாறு பெரும்பாலும் வெட்டில்தான் நேர்கிறது: தாளின் குறுகிய ஓரங்கள் ஒன்றோடொன்று சேரும்படி இரண்டாக மடித்து, மடிப்பு உள்ள பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்புக்கோடு வரை வெட்ட வேண்டும். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் தாளின் இரு ஓரங்களும் கிழிந்து, புத்தகம் உருவாகாது. ஆகவே ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு ஆசிரியரே முன்கூட்டி வெட்டி வைப்பது நல்லது; மடிப்பதைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். இன்னொன்று, மடிப்பதற்கு முன் எழுதவிடக் கூடாது; விரித்த தாளில் நான்கு கட்டங்கள் தலைகீழாக அமையும் என்பதால் கதை குழம்பிவிடும்.

புத்தகம் தயாரானதும், உதவுவதாக எண்ணி எழுத்தாளர் கரும்பலகையில் ஒரு யானையை வரைந்துவிடுகிறார். பிறகு வகுப்பு முழுவதும் அதே யானைதான். இதைவிட மோசமானது சிவப்பு மை. ‘ஆடு ஓடிப்போச்சு’ என்று குழந்தை எழுதிய உரையாடலை ‘ஓடிப்போயிற்று’ என்று உடனே திருத்தினால், அடுத்த பக்கத்தில் குழந்தை தனக்குத் தெரிந்த சொற்களை விட்டுவிட்டுப் பாடநூல் வாக்கியத்தைத்தான் எழுதும். எழுத்துப்பிழையைப் பார்க்க வேறொரு நாள் இருக்கிறது. எழுத வராத குழந்தை சொல்லச் சொல்ல, அதே சொற்களில் ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாம். கதை முடிந்ததும் ‘இதனால் அறியும் நீதி என்ன?’ என்று கேட்கும் வழக்கத்தையும் அன்றைக்கு ஒத்திவைக்கலாம்.

எழுத்தாளர்கள் பக்கம் உள்ள பெருந்தவறு, அச்சான நூலை மட்டும் கொண்டுவருவது. அடித்தும் திருத்தியும் எழுதிய கையெழுத்துப் படியையும், ஓவியரின் பென்சில் கோட்டுப் படங்களையும் குழந்தைகள் தொட்டுப் பார்க்கக் கொடுத்தால், பெரியவர்களும் ஒரே மூச்சில் எழுதிவிடுவதில்லை என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

முடிவில், நன்றாக இருப்பவை என்று மூன்றைப் பொறுக்கிப் பரிசு கொடுப்பதும், மற்றவற்றை ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் காட்டுவதற்காகத் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டுவதும் வேண்டாம். எல்லாப் புத்தகங்களையும் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, சில நாள் ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் படித்த பிறகு, அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.