பழைய சவரக்கல்: லேபிளிலும் அளவிலும் ஏமாறும் இடங்கள்

தக்கலையில் சலூன் வைத்திருந்த என் மாமா கடையை மூடியபோது அவருடைய தகரப்பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே இரண்டு சவரக்கத்தி, ஒரு தோல்வார், சோப்பும் எண்ணெயும் அப்பிய ஒரு தீட்டுகல். கல்லின் ஒரு முனையில் பழுப்பேறிய லேபிள். அழுக்கு ஊறட்டும் என்று கல்லை ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டேன். காலையில் பார்த்தால் லேபிள் தனியாக மிதக்கிறது. எடுத்தேன், விரலிலேயே கஞ்சியாகிவிட்டது. மாமாவிடம் சொன்னபோது, "கல்லு இருக்குல்லா மக்கா, பின்ன என்ன?" என்றார்.

தீட்டுகிறவருக்கு அது சரிதான். ஆனால் வாங்கல் விற்கலில் அந்தக் காகிதத்துக்குத் தனி விலை உண்டு. முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லேபிள் உள்ள முனையை நனைக்காமல், தீட்டும் முகத்தை மட்டும் ஈரத்துணியும் இரண்டு சொட்டு பாத்திர சோப்புமாகத் துடையுங்கள். சவரக்கத்திக்கான ஸ்லேட் வகைக் கல்லை ஊறவைக்கவே தேவையில்லை. நெருக்கமான கல், தண்ணீரை உள்ளே இழுக்காது. தீட்டும்போது மேலே தெளித்தால் போதும்.

அடுத்து, லேபிளையே கல்லாக நினைப்பது. எஷர் என்ற பெயரைக் கண்டதும் பலருக்குக் கை பரபரக்கும். ஜெர்மனியில் துரிஞ்சியா பகுதியின் சோன்னபெர்க் ஊரிலிருந்து கல் விற்ற நிறுவனத்தின் பெயர் அது. பக்கத்து ஊரான ஸ்டைனாக்கில் சிலேட்டுக் குச்சி செய்தார்கள் என்றால் நிலத்தடியில் என்ன கல் என்று புரியும். அந்த லேபிள்களில் கரு நீலம், நீலப்பச்சை, இளம்பச்சை, மஞ்சள்பச்சை என்று நிறமும் அச்சிட்டிருப்பார்கள். மஞ்சள்பச்சைக்குத்தான் கிராக்கி. ஆனால் அதே மண்ணின் கல் லேபிள் இல்லாமலும் கிடைக்கிறது, கத்தியும் நன்றாகவே ஏறுகிறது. சவரம் செய்யத்தான் கல் என்றால் காகிதத்துக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

காலத்தைக் கணிப்பதிலும் அவசரம் கூடாது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் போட வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1890இல். அதனால் 'ஜெர்மனி' என்று இருப்பதாலேயே கல் 150 வயது ஆகிவிடாது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கு முந்தையது இல்லை. அமெரிக்கக் கல்லில் பைக் (Pike) என்ற பெயர் பார்த்தால், அந்த நிறுவனத்தை 1932இல் நார்ட்டன் என்ற நிறுவனம் வாங்கிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய சலூன் பெட்டியில் இருந்ததாலேயே அது இயற்கைக் கல் ஆகிவிடாது. சுவாட்டி, கார்போரண்டம் என்று முத்திரை விழுந்தவை ஆலையில் செய்தவை. நல்ல கற்கள்தான், ஆனால் இயற்கைக் கல் விலைக்கு வாங்காதீர்கள்.

இனி அளவு. அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒருவர் எனக்கு "எட்டு இஞ்ச் கல்" என்று விற்றார். மரப்பெட்டியோடு சேர்த்து அளந்திருக்கிறார், கல் ஆறரைதான். பெட்டியில்லாமல், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். நீளம், அகலம், கனம் மூன்றும் மில்லிமீட்டரில் வேண்டும். கனத்தை முனையில் மட்டும் அளந்தால் போதாது, நடுவிலும் அளக்கச் சொல்லுங்கள். குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த கல்லில் ரப்பர் வெட்டும் கத்தியைத் தீட்டித் தீட்டி நடுவே நீளமாக ஓடை விழுந்திருந்தது. ஓரத்தில் 20 மில்லிமீட்டர், ஓடையில் 13. அதைச் சமமாக்கினால் மிஞ்சுவது 13தான்.

பெரிய கல்தான் வேண்டும் என்பதும் தேவையற்ற ஆசை. சவரக்கத்தியின் அலகு நீளம் சுமார் 3 அங்குலம். 6 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம் இருந்தாலே, குதியிலிருந்து (பிடியை ஒட்டிய முனை) நுனிவரை சாய்வாக இழுத்துத் தீட்டிவிடலாம். கத்திகளைப் பற்றிச் சொல்லும் 5/8, 6/8 என்பது அலகின் அகலம், அங்குலத்தில் எட்டில் ஐந்து, எட்டில் ஆறு. கல்லின் அளவோடு அதைக் குழப்பிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெல்ஜியத்து மஞ்சள் கல்லான கோட்டிகுல் விஷயத்தில் மொத்தக் கனம் ஒன்றுமே சொல்லாது. ஆர்டென் மலைப்பகுதியில் மெல்லிய அடுக்காகத்தான் கிடைக்கிறது. கத்தியை அறுப்பது அதிலுள்ள கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் பொடிப் பொடி மணிகள். மஞ்சள் அடுக்கு எளிதில் உடையும் என்பதால் அடியில் ஸ்லேட் இருக்கும். சிலவற்றில் இயற்கையாகவே சேர்ந்தது, சிலவற்றில் ஒட்டியது. இணையும் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தால் பெரும்பாலும் ஒட்டியது. வளைந்து நெளிந்தால் இயற்கை. தீட்டுவதில் வித்தியாசமில்லை. ஆனால் கேட்க வேண்டியது, "மஞ்சள் மட்டும் எத்தனை மில்லிமீட்டர்?" என்றுதான்.

அது 3 என்றால், வாங்கி வந்ததும் துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்க்காதீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை விரித்து, கல்லில் பென்சில் கோடுகள் போட்டு, கோடு அழிகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். ஓரத்தில் ஒரு கோடு அழியாமல் நின்றால் விட்டுவிடுங்கள், கத்திக்கு அது தெரியப்போவதில்லை.