சரக்கு விமானம் வாங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்

எதிர் வீட்டுத் தம்பி தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். இந்த வட்டாரத்துக்குள் படைகளை அனுப்பக் கட்டுப்படியாகும் சரக்கு விமானம் எது என்று கட்டுரை எழுத வேண்டுமாம். நான் 21 ஆண்டுகள் விமானங்களில் சரக்கேற்றும் பொறுப்பில் இருந்துவிட்டு, பிறந்த ஊரான மலேசியாவின் குளுவாங்குக்கே திரும்பியவன். அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அவன் நீட்டிய தாளில் விலையும், எத்தனை டன் தூக்கும் என்பதும் மட்டும் இருந்தன. எதை ஏற்றப் போகிறோம் என்பதே அதில் இல்லை.

என் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டினார். செம்பனைக் குலை ஏற்றினால் லாரி நிறையும் முன்பே ஸ்பிரிங் அமுங்கிவிடும். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் ஏற்றினால் எடையே தெரியாது. ஆனால் இன்னொரு கம்புக்கு இடமிராது. படையின் சரக்கு பெரும்பாலும் பந்தல் சாமான் வகைதான்: கூடாரம், உணவுப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, வண்டி. எடை வரம்பைத் தொடும் முன்பே கூரை இடிக்கும்.

ஆகவே உங்களிடம் உள்ளவற்றில் மிக உயரமான பொருளை, சக்கரத்தோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள். சிறிய சரக்கு விமானமான சி-295 சுமார் 9 டன் தூக்கும். உள்ளே உயரம் 1.90 மீட்டர்தான். பழைய லேண்ட் ரோவரின் கூரை ஏறத்தாழ 2 மீட்டர். ஹெர்குலிஸ் எனப்படும் சி-130 விமானத்தில் 2.74 மீட்டர் கிடைக்கும், அதைவிடப் பெரிய ஏ400எம் விமானத்தில் 3.85. ஒரு பயிற்சியின்போது ஜெனரேட்டர் ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது. எடை சரியாக இருந்தது. உயரத்தை யாரும் குறித்திருக்கவில்லை. சக்கரங்களைக் கழற்றி உள்ளே தள்ள மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த வெயில் இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அடுத்தது தூரம். விளம்பரத்தில் சொல்லும் தூரமும் சொல்லும் சுமையும் ஒரே பயணத்தில் சேர்ந்து வருவதில்லை. சி-295 முழுச் சுமையோடு சுமார் 1,300 கிலோமீட்டர் பறக்கும். கோலாலம்பூர் அருகே உள்ள சுபாங்கிலிருந்து சபாவின் கோத்தா கினபாலு 1,600க்கும் மேல். சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது வழியில் கூச்சிங்கில் இறங்கி எண்ணெய் நிரப்ப வேண்டும்.

ஓடுபாதையில் மோசமானதையே கணக்கில் எடுங்கள். சரவாக்கின் பாரியோ சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமும் வெப்பமும் சேர்ந்தால் விமானம் மேலெழ நீண்ட ஓட்டம் தேவை. 2018இல் இந்தோனேசியாவின் பாலு நகர நிலநடுக்கத்தில் ஓடுபாதையே விரிசல் கண்டது. அப்படிப்பட்ட இடத்தில் இறங்கும் ஹெர்குலிஸ் போன்ற விமானம்தான் நிவாரணத்துக்கு உதவும்.

இனிப் பணம். வாங்கும் விலையைவிட முப்பது ஆண்டுகள் பறக்க வைக்கும் செலவே கையைக் கடிக்கும். அதனால் எஞ்சினைப் பாருங்கள். சி-295இன் எஞ்சின், நம் உள்ளூர்ப் பயணிகள் ஏறும் ஏடிஆர் விமானத்தின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. உதிரிப் பாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் பக்கத்திலேயே கிடைக்கலாம். சி-27ஜே எனக்குப் பிடித்த விமானம். அதன் எஞ்சின் ஹெர்குலிஸின் புதிய வகையான சி-130ஜே விமானத்திலும் உண்டு. ஆனால் நம்மிடம் இருப்பது 1976 முதல் பறக்கும் பழைய சி-130எச் வகை. அந்த ஒற்றுமை நமக்குப் பயன்படாது. அமெரிக்க விமானப்படையே சி-27ஜேயைச் சில ஆண்டுகளில் கைவிட்டது. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத லாரியை வாங்கியவனின் பாடுதான் அது.

என் கருத்தைக் கேட்டால், வண்டி ஏற்றத் தேவையில்லாத படைக்கு சி-295 போதும். வண்டி ஏற்ற வேண்டுமென்றால் நல்ல நிலையிலுள்ள பழைய ஹெர்குலிஸைத் தேடுவேன். அப்போது பளபளக்கும் புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சிறகின் நடுப்பெட்டி, அதாவது இரு சிறகுகளையும் உடலோடு இணைக்கும் பகுதி, மாற்றப்பட்டதா, எந்த ஆண்டில், அதன் பிறகு எத்தனை மணி நேரம் பறந்தது என்று கேளுங்கள். பதிவேட்டை முழுதாகக் காட்டத் தயங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.