வெள்ளையாகப் படர்வதெல்லாம் பூஞ்சை இல்லை

கம்பம்மெட்டு ஏறி, கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாரல் பிடித்துவிட்டால் ஒரே வார்த்தைதான், பூஞ்சை. ஏலச்சரம் அழுகினாலும் பூஞ்சை, கீழே கம்பம் ஊரில் திராட்சை இலை வெளுத்தாலும் பூஞ்சை, கால்விரல் இடுக்கு வெந்துபோனாலும் பூஞ்சை. மருந்துக்கடையில் போய் "பூஞ்சைக்கு ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்து அடிப்பதுதான் முதல் தவறு. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் காசைக் கரைத்தேன்.

ஏலக்காய் அழுகலுக்கும், மிளகுக்கொடி திடீரென்று கறுத்து வாடுவதற்கும் காரணம் பைட்டோப்தோரா என்ற கிருமி. பூஞ்சை மாதிரியே நூல் நூலாக வளரும், ஆனால் பூஞ்சை இனமே கிடையாது. நிஜப் பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும், இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். இதன் சுவரில் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ். உறவு பார்த்தால் கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். இதன் வித்துகள் வால் வைத்துத் தண்ணீரில் நீந்தும். அதனால்தான் மேட்டில் ஒரு செடியில் ஆரம்பித்தது, ஓடுகிற தண்ணீரோடு கீழ்வரிசை முழுக்கப் போய்விடுகிறது. பலரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் கார்பெண்டாசிம் நிஜப் பூஞ்சைக்கான மருந்து, இதை ஒன்றும் செய்யாது.

வடிகால் வெட்டி, நிழல்மரக் கொப்பைக் கழித்து, மழைக்கு முன்பே 1 சதவீத போர்டோ கலவை அடிப்பதுதான் வழி. அதிலும் தவறு நடக்கும். 100 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோ; தனித்தனியாகக் கரைத்து, துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது, இரும்பு டிரம்மும் ஆகாது. தீட்டிய கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள், செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

திராட்சைக்காரர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. இலையில் விபூதி பூசினாற்போல் இருந்து, விரலால் துடைத்தால் போனால் அது சாம்பல் நோய், நிஜப் பூஞ்சை, கந்தகம் கேட்கும். மேலே எண்ணெய் விட்டாற்போல் மஞ்சள் திட்டு, இலையைத் திருப்பினால் வெள்ளைப் பஞ்சு என்றால் அடிச்சாம்பல், பைட்டோப்தோராவின் பங்காளி. இதற்குக் கந்தகம் வீண்.

டிரைக்கோடெர்மா விஷயத்தில் நடப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அது நோய்க்கிருமியைத் தின்னும் நல்ல பூஞ்சை. தொழுவுரத்தில் கலந்து வேரில் போட்டுவிட்டு, மறுநாளே அதே தூரில் துத்த மருந்தை ஊற்றுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் தானே கொல்வது! சில வாரமாவது இடைவெளி விட வேண்டும்.

அப்புறம் காளான். மலையாளத்தில் கூண். இடி இடித்தால் ஒரே ராத்திரியில் முளைக்கிறது என்று நினைக்கிறோம், ஆனால் மண்ணுக்குள் நூலாக அது எவ்வளவோ நாளாக இருக்கிறது, நாம் பறிப்பது அதன் கனியுறுப்பை மட்டும்தான். புற்றுக்காளான் கரையான் வளர்க்கும் பயிர், தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அடையாளம் தெரிந்தவர் பறித்ததாக இருக்க வேண்டும். மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்து நிறம் பார்ப்பது, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பது, இரண்டையும் நம்பாதீர்கள். அமானிட்டா வகையில் சிலவற்றின் நஞ்சு கொதித்தாலும் போகாது. வாந்தியே ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வரும், நடுவில் ஒருநாள் தெளிந்தது போலிருக்கும், அதற்குள் ஈரல் கெட்டுவிடும்.

பூசணம் பிடித்த கடலையைக் கழுவி வறுத்துச் சட்னி அரைப்பதும் இதே கதைதான். அதில் பூசணம் விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருந்தால் வறுப்பதாலெல்லாம் முழுக்கப் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்த பிறகுதான், தீவனத்தில் போட்ட கடலைப் புண்ணாக்கிலிருந்து இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள்.

கடைசியாக, ரப்பர் பூட்ஸுக்குள் வரும் சேற்றுப்புண்ணும், இடுப்பில் வரும் படர்தாமரையும். இவை பூஞ்சையேதான். பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு அடங்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசினால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், உள்ளே பரவல் நிற்காது, நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும். அந்த அரை ட்யூப்பை வீட்டில் இன்னொருவர் எடுத்துப் பூசுவது வேறு!