ஆக்சஸிலிருந்து வெப்புக்கு: கெடு நெருங்கும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் மன்னார்குடியில் ஒரு உரக்கடைக்குப் போயிருந்தேன். இரண்டு தம்பிகள் கடையின் பழைய ஆக்சஸ் (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) ஃபைலை வெப் அப்ளிகேஷனாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவைக் கடன் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், அதற்குள் வேண்டும் என்று கடைக்காரர் கெடு வைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க எனக்குப் பதறியது. பல வருடம் முன்பு கும்பகோணத்தில் நான் செய்ததை அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். பேக்கப் எடு, பாஸ்வேர்டைக் கோடில் எழுதாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

பாமினியை ஒரே மூச்சில் யூனிகோடாக்குவது

அந்தக் காலத்துக் கடை டேட்டாபேஸ்களில் பெயர்கள் பெரும்பாலும் பாமினி ஃபான்டில்தான் இருக்கும். திரையில் தமிழ் தெரியும், ஆனால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. யூனிகோடில்தான் தமிழ் உள்ளேயும் தமிழாகவே இருக்கும். ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன்: ‘தமிழ்’ என்ற சொல் ஃபைலுக்குள் இப்படித்தான் இருக்கிறது. எந்தப் பெட்டிக்குப் பாமினி, எந்தப் பெட்டிக்குச் சாதா ஃபான்ட் என்ற விவரம் ஃபார்மில் (பதிவு போடும் திரை) இருக்கும், டேபிளில் (பதிவுகள் கிடக்கும் இடம்) இருக்காது. டேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் அந்த விவரம் பழைய கம்ப்யூட்டரிலேயே நின்றுவிடும்.

கும்பகோணத்தில் நான் கெடுவுக்குப் பயந்து, டெக்ஸ்ட் ஃபீல்டு எல்லாவற்றையும் மொத்தமாகக் கன்வர்ட்டரில் போட்டேன். குறிப்பு ஃபீல்டில் இருந்த ஆங்கிலம் கொச்சகொச்சவென்று ஆனது உடனே கண்ணில் பட்டதால் அதைத் திருத்திவிட்டேன். இனிஷியல் ஃபீல்டு கண்ணில் படவில்லை. அதுவும் ஆங்கிலம்தான், ஆனால் பாமினியில் பெரிய எழுத்து கே என்றால் ‘மு’, ஆர் என்றால் ‘சு’, எம் என்றால் ‘ஆ’. கே. இருந்தவர் மு. ஆனார், எம். இருந்தவர் ஆ. ஆனார். எல்லாம் அசல் தமிழ் இனிஷியல் மாதிரியே இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிற இடத்தில் ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்த ஓர் எழுத்துதான்.

அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்க வந்த ஒரு பெரியவர், “நான் டிஏபியே வாங்கலையே தம்பி” என்று ரசீதை நீட்டினார். அப்பா பெயர் மு-வில் தொடங்கும் இன்னொருவர் வாங்கியதையெல்லாம் கவுண்டரில் இருந்தவர் இவர் கணக்கில் ஏற்றியிருந்தார். பழைய ஃபைல் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதப் பதிவு ஏறியிருந்ததே! கணக்கப்பிள்ளையும் நானும் கைப்பேரேட்டை வைத்து ஒவ்வொரு ஆளாகப் பிரித்தோம். வாங்காத உரத்துக்குக் கடன்காரர் என்று பெயர் வாங்கிய அந்தப் பெரியவரின் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

முதலில் ஒவ்வொரு ஃபார்மையும் டிசைன் வியூவில் திறந்து, எந்தப் பெட்டிக்கு எந்த ஃபான்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாமினியில் இருப்பதை மட்டும் மாற்றுங்கள், அதையும் புதிய ஃபீல்டில். பழைய எழுத்து பக்கத்திலேயே கிடக்கட்டும், ஒரு போகம் முடியும்வரை அதை அழிக்காதீர்கள். அப்புறம், பாமினியில் கமாதான் ‘இ’. மேற்கோள் குறி இல்லாமல் சிஎஸ்வி (கமாவால் கட்டம் பிரிக்கும் ஃபைல்) எடுத்தால், இ-யில் தொடங்கும் பெயர் உள்ள வரிகளெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். பாமினியில் ‘கெ’யின் கொம்பு, எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடிலோ எழுத்துக்குப் பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ‘கெ’ குலையும். ‘கௌ’ பல நேரம் ‘கெள’ என்று வந்து நிற்கும், தேடினால் கிடைக்காது. மாற்றாத பாமினி எழுத்தை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வைத்தால் அது வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. சின்ன கே-யான ‘ம’வும் பெரிய கே-யான ‘மு’வும் அதற்கு ஒன்றுதான்.

எண்ணிக்கை சரி என்றதும் விட்டுவிடுவது

எனக்கு வரி எண்ணிக்கையும் பொருந்தியது, மொத்த நிலுவையும் பைசா சுத்தமாகப் பொருந்தியது. பெயர்தான் பொருந்தவில்லை. ஊருக்குப் பத்து பேரையாவது பேரேட்டோடு ஒப்பிடுங்கள்.

மாவை ஏக்கர் என்று எழுதுவது

பழைய ஃபீல்டில் ‘பரப்பு 3’ என்றுதான் இருக்கும். மா என்பது பழைய நில அளவு, மூன்று மா சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு ஏக்கர். பெரியவர்கள் மாவில் சொல்வார்கள், சிலர் அதைவிடப் பெரிய அளவான வேலியில் சொல்வார்கள், பில் போட்ட பையன் ஏக்கரில் எழுதியிருப்பான். ஆளைக் கேட்காமல் தலைப்பு வைக்காதீர்கள், உரக்கணக்கு மூன்று மடங்காகிவிடும்.

தேதி

ஆக்சஸ் க்வெரியில் ஹாஷ் குறிக்குள் மாதம்தான் முதலில். 12/06 என்று எழுதினால் டிசம்பர் 6.

மாவட்டம்

மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில். பழைய முகவரியில் நாகப்பட்டினம் என்றுதான் இருக்கும். ஊரை வைத்து மாற்றுங்கள்.

ஆம் / இல்லை

ஆக்சஸில் ஆம் என்பது மைனஸ் 1. அதை 1 என்று நினைத்துத் தேடாதீர்கள்.

கெடுவுக்குள் எல்லாவற்றையும் தருவது

மன்னார்குடிக் கடைக்காரரிடம் நானே பேசினேன். ஜூன் 12க்குப் புதிய பில் மட்டும் வெப்பில் போடலாம், பழைய நிலுவையை ஆக்சஸில் பார்த்துக்கொள்ளலாம், இனிஷியல் சரிபார்த்து முடித்த ஊர்களை ஒவ்வொன்றாக ஏற்றலாம் என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் சரி என்றார். தம்பிகள் இப்போது முதல் ஊரின் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.