பால்வெட்டுக் கத்தி கையில் கீறினால்
கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், ஆறுகாணி பக்கம் ரப்பர் பால்வெட்டும்போது கையில் கத்தி கீறினால், ஓரத்தில் நிற்கும் கம்யூனிஸ்ட் பச்சை என்ற செடியின் இலையைக் கசக்கிக் காயத்தில் பிழிவோம். வெறும் நம்பிக்கை இல்லை இது. சாறு ரத்தத்தைச் சீக்கிரம் நிறுத்தும்; சீழ் வைக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை இலைச்சத்து கட்டுப்படுத்துவதை ஆய்வகச் சோதனைகளிலும் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் மண் ஒட்டிய இலையைத் தயவுசெய்து காயத்தில் வைக்காதீர்கள். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணில்தான் கிடக்கின்றன, அதற்கு இந்தச் சாறு மருந்தே இல்லை. முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் காயத்தைக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் இலையை அலசுங்கள். அதுவும் மேலோட்டமான கீறலுக்கு மட்டும்தான். ஆழமான வெட்டு என்றால், அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள்.