இன்குபேட்டர்ல முட்டை வச்சு குஞ்சு எடுக்கிறது எப்படி

கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த 21 நாள்ல முட்டை வீணாப்போறது பெரும்பாலும் ரெண்டு இடத்துலதாங்க. ஒண்ணு மெஷின சரிபார்க்காமலே முட்டைய உள்ள வைக்கிறது, இன்னொண்ணு கடைசி மூணு நாள் பொறுமை இல்லாம மூடிய திறந்து திறந்து பாக்குறது. அதனால இந்த ரெண்டையும் கொஞ்சம் விரிவா சொல்றேன், மத்தத வேகமா சொல்லிடறேன்.

முதல்ல முட்டை. சேவலோட சேர்ந்து இருக்கிற கோழி போட்ட முட்டையா இருக்கணும், சேவல் இல்லாத இடத்து முட்டைய எத்தன நாள் வச்சாலும் கரு வராது. போட்டு 7 நாளுக்குள்ள இருக்கிறது நல்லது, 10 நாள் தாண்டுச்சுன்னா பொரியிற அளவு குறைஞ்சுகிட்டே போகும். சேர்த்து வைக்கும்போது கூர்ப்பக்கம் கீழ இருக்கிற மாதிரி வைங்க, 15ல இருந்து 18 டிகிரி வரைக்கும் இருக்கிற குளிர்ச்சியான இடம் போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம். அழுக்கா இருக்குன்னு தண்ணில கழுவாதீங்க, ஓட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கு, அதுதான் ஓட்டுல இருக்கிற துவாரம் வழியா கிருமி உள்ள போகாம தடுக்குது, கழுவினா அது போயிடும். ரொம்ப அழுக்கு, விரிசல், கோணல் மாணலா இருக்கிறது, ரொம்பப் பெருசு, ரொம்பச் சின்னது எல்லாத்தையும் ஒதுக்கிடுங்க. தூரத்துல இருந்து குலுங்கி வந்த முட்டைன்னா ஒரு நாள் அசையாம வச்சுட்டு அப்புறமா உள்ள வைங்க.

இப்ப மெஷின். முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு முழு நாளாவது காலியா ஓட விடுங்க. டிஸ்ப்ளேல காட்டுற டிகிரிய அப்படியே நம்பாதீங்க, நிறைய மெஷின்ல அரை டிகிரி ஒரு டிகிரி தப்பாதான் காட்டும், 21 நாளுக்கு ஒரு டிகிரிங்கிறது பெரிய விஷயம். வீட்டுல ஜுரம் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்குல்ல, அது நமக்கு வேணும்ங்கிற 37, 38 டிகிரி கிட்டதான் துல்லியமா இருக்கும், அத வச்சு ஒத்துப் பாருங்க. ஃபேன் உள்ள மெஷின்னா 37.5 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாததுல சூடு மேலயும் கீழயும் வேற வேறயா இருக்கும், அதனால முட்டையோட மேல்மட்டத்துல அளந்து 38.3ல இருந்து 38.9 வரைக்கும் வைக்கணும். ஹுமிடிட்டி, அதாவது காத்துல இருக்கிற ஈரம், அத காட்டுற மீட்டரையும் சோதிச்சுக்கலாம், ஒரு பாட்டில் மூடில உப்பு போட்டு சேறு பதத்துக்கு மட்டும் தண்ணி விட்டு, அதையும் மீட்டரையும் காத்துப் போகாத டப்பாவுல ஒரு ராத்திரி மூடி வைங்க, காலைல 75 சதவீதம் காட்டணும், 70 காட்டுச்சுன்னா உங்க மீட்டர் 5 குறைச்சுக் காட்டுதுன்னு கணக்கு வச்சுக்கோங்க.

முட்டைய வச்சதும் சூடு கொஞ்சம் இறங்கும், பயந்து நாப்பை திருகாதீங்க, சில மணி நேரத்துல தானா ஏறிடும். முதல் 18 நாள் ஹுமிடிட்டி 45ல இருந்து 55 போதும். கையால திருப்புறவங்க முட்டைல ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் பென்சில்ல போட்டு வச்சுகிட்டு, ஒரு நாளைக்கு 3 தடவையோ 5 தடவையோ திருப்புங்க, ஒத்தப்படை எதுக்குன்னா நீளமான ராத்திரி நேரம் தினமும் ஒரே பக்கத்துல படுக்காம மாறி மாறி வரும். திருப்பாம விட்டா கரு ஓட்டோட உள்தோல்ல ஒட்டிக்கும். காத்து துவாரத்த மட்டும் அடைக்காதீங்க, உள்ள வளருற உயிருக்கு காத்து வேணும்.

7வது நாள் இருட்டு ரூம்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி மாதிரி ரத்த நரம்பு பரவி நடுவுல ஒரு கரும்புள்ளி அசைஞ்சா நல்ல முட்டை. ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா கரு கூடல, சிவப்பு வளையம் மட்டும் தெரிஞ்சா கரு வந்து செத்துப்போச்சு, ரெண்டையும் எடுத்துடுங்க, கூமுட்டை உள்ள கிடந்தா வெடிச்சு மத்த முட்டைக்கும் கிருமி பரப்பும். சந்தேகமா இருக்கிறத 14வது நாள் மறுபடி பாத்துக்கலாம். அகலப்பக்கம் இருக்கிற காத்தறை நாளாக நாளாக பெருசாகணும், அது சின்னதாவே இருந்தா ஈரம் அதிகம்னு மெஷின் உள்ள ஈரத்துக்காக வைக்கிற தண்ணியக் குறைங்க, வேகமா பெருசானா தண்ணி கூட ஊத்துங்க. என்னக் கேட்டா மீட்டர விட இந்தக் காத்தறைய நம்பலாம்.

கரண்ட் போச்சுன்னா மூடிய திறக்காம மேல கனமான துணியப் போர்த்துங்க, கரண்ட் வந்ததும் துணிய எடுத்துடுங்க. சில மணி நேரம் குளிர்ந்தத முட்டை பெரும்பாலும் தாங்கிடும், ஆனா 40 டிகிரிக்கு மேல ஏறினா தாங்காது, சூடு அதிகமாகுறதுக்குத்தான் அதிகமா பயப்படணும்.

18வது நாள் திருப்புறத நிறுத்திட்டு, ஹுமிடிட்டிய 65ல இருந்து 70க்கு ஏத்திட்டு, மூடிட்டு கைய எடுத்துடுங்க. இதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் மனசு அடிச்சுக்கும். குஞ்சு முதல்ல உள்ள காத்தறையக் குத்தி மூச்சு விடும், அப்புறம் ஓட்டுல ஒரு சின்ன கொத்து விழும், அதுக்கப்புறம் மணிக்கணக்கா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்துலதான் அது மிச்ச மஞ்சக்கருவ வயித்துக்குள்ள இழுத்துக்குது, உள்தோல்ல ஓடுற ரத்தமும் உடம்புக்குத் திரும்புது. பாவமேன்னு நீங்க ஓட்ட உரிச்சா ரத்தம் கசிஞ்சு செத்துப்போகும். மூடியத் திறந்தா ஈரம் வெளிய போய் உள்தோல் காஞ்சு குஞ்சு மேல இறுக்கமா ஒட்டிக்கும், அப்புறம் அதால சுத்தி வர முடியாது. முதல்ல வந்த குஞ்சு கத்திகிட்டே இருந்தாலும் விடுங்க, வயித்துல இருக்கிற மஞ்சக்கரு ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கும், பசிக்கும்னு கவலை வேண்டாம்.

காடைக்கு 17, 18 நாள், வாத்துக்கும் வான்கோழிக்கும் 28, மஸ்கோவி வாத்துக்கு 35. எல்லாத்துக்கும் பொரியிறதுக்கு 3 நாள் முன்னாடி திருப்புறத நிறுத்தணும், அதனால ரெண்டு இனத்த ஒரே மெஷின்ல ஒண்ணா வைக்காம இருக்கிறது நல்லது.

குஞ்சு காஞ்சு புசுபுசுன்னு ஆனதும் 35 டிகிரி சூடு இருக்கிற பெட்டிக்கு மாத்துங்க, வாரத்துக்கு சுமார் 3 டிகிரி குறைச்சுகிட்டே வாங்க. கீழ வழவழப்பான பேப்பர் போட்டா கால் விரிஞ்சு போயிடும், சொரசொரப்பான துணி போடுங்க. தண்ணி தட்டுல கூழாங்கல் போட்டு வைங்க, மூழ்காம இருக்கும்.

23வது நாளும் வராத முட்டைய வெளிய கொண்டுபோய் உடைச்சுப் பாருங்க, அருவருப்பா இருந்தாலும் பாருங்க. முழுசா வளர்ந்து சுத்தி ஈரமா, வீங்கின மாதிரி இருந்தா ஹுமிடிட்டி அதிகம், தோல் காஞ்சு ஒட்டியிருந்தா குறைவு. பொரிஞ்சதெல்லாம் 20வது நாளே வந்து தொப்புள் மூடாம இருந்தா சூடு அதிகம், எல்லாமே தாமதமா வந்தா சூடு பத்தல. அத எழுதி வச்சுட்டு, மெஷின கிருமிநாசினி போட்டுக் கழுவி நல்லா காய வச்சு, கையையும் சோப்பு போட்டுக் கழுவிட்டு, அடுத்த தடவை அந்த ஒண்ண மட்டும் மாத்திப் பாருங்க.